பினாங்கில் சைக்கிள் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜார்ஜ்டவுனில் சைக்கிளைப் பறிகொடுத்தவர்கள் பேசும்போது இரண்டு வாக்கியங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. “கண்ணெதிரேதானே நிறுத்தியிருந்தேன்” என்பது ஒன்று. “வீட்டு வாசலில்தானே இருந்தது” என்பது மற்றொன்று. திருட்டு என்றதும் நம் எண்ணம் இருட்டுச் சந்துக்கும் ஆளரவமற்ற கடற்கரைக்கும் போகிறது. அத்தகைய இடங்களில் நாம் இயல்பாகவே விழிப்புடன் இருக்கிறோம். நன்கு பழகிய இடத்தில்தான் பூட்டை ஹேண்டலில் தொங்கவிட்டபடியே இறங்கிவிடுகிறோம். சைக்கிள் வாங்கும்போது விலையையும் கியரையும் பற்றி நாள்கணக்கில் ஆராய்பவர்கள்கூட, அதை அன்றாடம் எங்கே, எப்படி நிறுத்தப் போகிறோம் என்று யோசிப்பதில்லை. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவற்றைத் திருத்திக்கொள்ளப் பணம் அதிகம் தேவையில்லை.

“ஐந்து நிமிடம்தானே” என்ற நினைப்பே முதல் தவறு. லெபோ பாசாரில் பூச்சரமும் வாழையிலையும் வாங்க இறங்குபவர் சைக்கிளை அஞ்சடியின் (கடைகளுக்கு முன்னால் கூரையோடு அமைந்த நடைபாதையின்) தூணில் சாய்த்துவிட்டுக் கடைக்குள் நுழைகிறார். சில்லறை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் யாராவது ஏறி மிதித்துவிட்டால் துரத்திப் பிடிக்க முடியாது. அந்தக் கூட்டத்தில் சைக்கிளை ஓட்டிப் போகிறவர் உரிமையாளரா இல்லையா என்று பார்ப்பவருக்கும் தெரியாது. சைக்கிள்கள் மக்கள்தொகையையே மிஞ்சிவிட்ட நெதர்லாந்தில் இதற்கு எளிய வழி கண்டிருக்கிறார்கள். அங்கே அன்றாடப் பயன்பாட்டுச் சைக்கிள்களின் பின்சக்கரத்தை ஒட்டி, ஃபிரேமிலேயே ஒரு வளையப் பூட்டு பொருத்தப்பட்டிருக்கும். நெம்பை ஒருமுறை அழுத்தினால் ஓர் இரும்புக் கம்பி சக்கரக் கம்பிகளுக்கு இடையே பாய்ந்து சக்கரத்தைச் சுழலவிடாமல் நிறுத்திவிடும். நீண்ட நேரம் நிறுத்தும்போது கனமான சங்கிலி ஒன்றையும் சேர்த்துப் போடுவார்கள். வளையப் பூட்டு இங்கேயும் கிடைக்கிறது. கடைக்கு இறங்கும் நேரத்துக்கு அது போதும். ஆனால் அதை மட்டும் நம்பி மணிக்கணக்கில் விட்டுப் போவது இன்னொரு தவறு, ஏனென்றால் பூட்டிய சைக்கிளை அப்படியே தூக்கி லாரியில் ஏற்றிவிட முடியும்.

பூட்டு வாங்குவதில் நடக்கும் தவறு கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. ரப்பர் உறை போட்ட கம்பிக் கயிற்றுப் பூட்டு பார்வைக்குத் தடிமனாக இருக்கும். அந்தத் தடிமனில் பாதி உறைதான். உள்ளே முறுக்கப்பட்ட மெல்லிய கம்பிகளைக் கையடக்கமான வெட்டுக் குறடு சில நொடிகளில் துண்டித்துவிடும். அந்தப் பூட்டிலேயே எண் சுழற்றும் வகையைப் பலர் விரும்புகிறார்கள், சாவி தொலையாது என்பதால். நான்கு சுழல்வட்டுகள் இருந்தால் பத்தாயிரம் எண் சேர்க்கைகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவசரத்தில் பூட்டுபவர் நான்கையும் கலைப்பதில்லை. கடைசி வட்டை மட்டும் ஒன்றிரண்டு எண் தள்ளிவிட்டுப் போகிறார். அடுத்து வருபவர் அந்த ஒரு வட்டைச் சுழற்றிப் பார்த்தாலே போதும், பூட்டு திறந்துவிடுகிறது.

கெட்டியான எஃகாலான யு வடிவப் பூட்டும், கடினப்படுத்தப்பட்ட எஃகுச் சங்கிலியும்தான் நம்பத்தக்கவை. அவற்றிலும் சாவித்துளையைக் கவனிக்க வேண்டும். 2004-இல் அமெரிக்காவில், வட்டக்குழாய் வடிவச் சாவித்துளை கொண்ட விலையுயர்ந்த பூட்டுகளைச் சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைத் திணித்துத் திருப்பியே திறக்கலாம் என்பது அம்பலமானது. உற்பத்தியாளர் பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த வகைச் சாவித்துளை கொண்ட மலிவான பூட்டுகள் இன்றும் விற்பனைக்கு வருவதால், தட்டையான சாவி உள்ளதையே கேட்டு வாங்குங்கள். பிரிட்டனின் சோல்ட் செக்யூர் அமைப்பு பூட்டுகளைச் சோதித்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் எனத் தரம் குறிக்கிறது. பெட்டியில் அந்த முத்திரை இருந்தால் விலை சற்றுக் கூடினாலும் பொருட்படுத்த வேண்டாம். பேட்டரியில் ஓடும், இரும்பை அறுக்கும் கிரைண்டருக்கு முன் எந்தப் பூட்டும் நெடுநேரம் தாங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்ல பூட்டு செய்வதெல்லாம் திருடனுக்கு நேரத்தைக் கூட்டுவதும் சத்தத்தை எழுப்ப வைப்பதும்தான். அந்த இரண்டும் திருடனுக்கு ஆபத்தாகும் இடத்தில், அதாவது ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் நிறுத்தினால்தான் பூட்டுக்குக் கொடுத்த பணம் பயன் தரும்.

எதில் பூட்டுகிறோம் என்பதில் ஜார்ஜ்டவுனுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பழைய கடைவீடுகளின் அஞ்சடித் தூண்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பருத்த தூண்கள். எந்த யு பூட்டும் அவற்றைச் சுற்றி வராது. ஆகவே கண்ணில் பட்ட எதிலாவது பூட்டுகிறோம். போக்குவரத்துப் பலகைக் கம்பத்தில் பூட்டுபவர்கள் தலையை நிமிர்த்தி அதன் உச்சியைப் பார்க்க வேண்டும். பலகை சிறியதாகவோ கம்பம் தாழ்ந்ததாகவோ இருந்தால், பூட்டைத் தொடாமலேயே சைக்கிளை மேலே தூக்கி உருவிவிடலாம். அடியில் போல்ட் முறுக்கி நிறுத்திய கம்பமென்றால் ஒரு ஸ்பேனர் போதும். மரக்கன்றும் வேலிக் கம்பியும் சைக்கிளைவிட எளிதில் வெட்டுப்படக்கூடியவை. கையால் பிடித்து ஆட்டிப் பார்த்து, அசையாத ஒன்றில் மட்டும் பூட்டுங்கள்.

சைக்கிளின் எந்தப் பகுதியைப் பூட்டுவது என்பது அடுத்த கேள்வி. முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால், நெம்பைத் திறந்து கழற்றும் வகைச் சக்கரமாக இருக்கும்போது, திரும்பி வந்தால் சக்கரம் மட்டுமே காத்திருக்கும். அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் பரப்பிய முறை இன்றும் சிறந்தது. பின்சக்கரத்தைச் சுற்றி ஃபிரேம் ஒரு முக்கோணமாக அமைந்திருக்கிறது அல்லவா, அந்த முக்கோணத்துக்குள் வரும் ரிம்மோடு கம்பத்தையும் சேர்த்துச் சிறிய யு பூட்டைப் போட வேண்டும். பூட்டு ஃபிரேமைத் தொடாவிட்டாலும், ரிம் முக்கோணத்தை விட்டு வெளியேற முடியாததால் சக்கரமும் ஃபிரேமும் ஒருசேரப் பிணைக்கப்படுகின்றன. பூட்டு சிறியதாக இருப்பதே நல்லது. உள்ளே இடைவெளி இல்லையென்றால் நெம்புகோலைச் செருக வழியில்லை. சங்கிலியைத் தரையில் படும்படி தொங்கவிடாதீர்கள். தரையை ஆதாரமாக வைத்துக்கொண்டு வெட்டுக் குறட்டின் மேல் முழு உடல் எடையையும் போட்டு அழுத்துவார்கள். விளக்கு, பம்பு, மின்சைக்கிளின் பேட்டரி ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பெர்ரியை நம்பியிருப்பவர்களுக்குத் தனியே ஒரு சொல். 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதியில்லாததால், பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே சைக்கிளோடு கடக்க பெர்ரிதான் வழி; கார்கள் ஏற்றப்படாத இன்றைய பெர்ரிகளில் சைக்கிளுக்கு இடமுண்டு. ஆனாலும் சிலர் சைக்கிளைத் துறைமுகத்துக்கு அருகிலேயே, தினமும் அதே கம்பத்தில், காலையிலிருந்து மாலை வரை விட்டுச் செல்கிறார்கள். உரிமையாளர் எப்போது போய் எப்போது திரும்புவார் என்பதை இரண்டு மூன்று நாள் கவனித்தாலே கணித்துவிடலாம். இயன்றவரை சைக்கிளை உடன் எடுத்துச் செல்லுங்கள். முடியாதபோது இடத்தை மாற்றி மாற்றி நிறுத்துங்கள்.

வீட்டைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தரைவீட்டுக்காரர்கள் கேட்டைப் பூட்டிவிட்டால் போர்ச்சில் கிடக்கும் சைக்கிள் பத்திரம் என்று நினைக்கிறார்கள். நெஞ்சு உயரக் கேட் யாரையும் தடுப்பதில்லை. சாலையில் போவோருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கத்தான் செய்கிறது. சைக்கிளைக் காருக்குப் பின்னால், சுவரை ஒட்டி நிறுத்தி, சுவரில் துளையிட்டுப் பதித்த கொக்கியோடு பூட்டுங்கள். ஆயர் ஈத்தாமிலும் ஜெலுத்தோங்கிலும் உள்ள அடுக்குமாடிகளில், படிக்கட்டுக்கு அடியிலும் கீழ்த்தளக் கைப்பிடிக் கம்பியிலும் இரவு முழுவதும் சைக்கிள்கள் நிற்கின்றன. அங்கே யார் நின்று எதைச் செய்தாலும் குடியிருப்பவர் என்றே மற்றவர்கள் எண்ணிக்கொள்வார்கள். மின்தூக்கியில் ஏறுமானால் மேலே கொண்டு போய், ஆள் நடக்க வழி விட்டு, சொந்த கிரிலுக்கு உட்புறம் வைப்பதே சரி.

“இந்தப் பழைய வண்டியை யார் எடுப்பார்” என்று சொல்பவர்களிடம் நான் உறுதியாக மறுப்பேன். துருப்பிடித்த சைக்கிளுக்கும் பழைய இரும்புக் கடையில் எடைக்கு விலை உண்டு. அதைவிட முக்கியம், தாத்தா காலத்து ரேலி, ஹம்பர் போன்ற ஆங்கிலச் சைக்கிள்களைத் தேடிச் சேகரிப்பவர்கள் மலேசியா முழுவதும் இருக்கிறார்கள். ரேலியின் முன்பல்சக்கரத்தில் நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். அந்தப் பல்சக்கரமும் முன்புறச் சின்னத்தகடும் அசலாக இருந்தால் அவர்களுக்கு அது பொக்கிஷம். வாசலில் பூட்டில்லாமல் செடித்தொட்டியோடு நிற்கும் அந்த வண்டியின் மதிப்பு வீட்டாரைவிடத் தெருவில் போகிறவருக்குத் தெரிந்திருக்கலாம்.

நம் ஊர்க் கடற்காற்றின் உப்பும் அடைமழையும் பூட்டையும் விட்டுவைப்பதில்லை. சாவி இறுகத் தொடங்கியதும் பலர் பூட்டுவதையே குறைத்துக்கொள்கிறார்கள். சாவித்துளை கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டி, அவ்வப்போது கிராஃபைட் தூள் போட்டால் போதும். சமையல் எண்ணெய் ஊற்றுவது தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும்.

இதுவரை சொன்னவற்றைவிட அதிகம் பேர் செய்யும் தவறு, தங்கள் சைக்கிளை அடையாளம் காட்ட எதையும் வைத்துக்கொள்ளாதது. சைக்கிளுக்குக் கார், மோட்டார்சைக்கிள் போலப் பதிவெண் பலகை கிடையாது. ஃபிரேமில் பொறிக்கப்பட்டிருக்கும் எண் ஒன்றுதான் அதன் அடையாள அட்டை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு பெடல்களின் அச்சு நுழையும் குழாயின் அடியில் சேற்றைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். அதைக் கைப்பேசியில் படமெடுத்து, முழுச் சைக்கிளின் இருபக்கப் படங்களோடும் கடை ரசீதோடும் சேர்த்து வையுங்கள். பிற்பாடு மாற்றிய சீட்டு, கீறல், ஒட்டுப்படம் எல்லாம் படத்தில் தெரியட்டும். இருக்கைக் குழாய்க்குள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளைப் பிளாஸ்டிக்கில் சுற்றிப் போட்டு வைப்பதும் பயன்படும்.

சைக்கிள் இருக்குமிடத்தைக் கைப்பேசியில் காட்டும் ஏர்டேக் போன்ற கருவியை ஒளித்து வைப்பவர்கள் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. தன்னோடு அறிமுகமில்லாத கருவி ஒன்று நகர்ந்து வருவதாகத் திருடனின் கைப்பேசிக்கும் அறிவிப்பு போகக்கூடும். பல மாடிக் கட்டடத்தில் எந்த மாடி என்பதையும் அது காட்டாது.

திருடு போனது தெரிந்ததும் வெட்கப்பட்டோ, “சைக்கிளுக்கெல்லாமா” என்று தயங்கியோ போலீஸ் புகார் செய்யாமல் விடுவது பெருந்தவறு. ஃபிரேம் எண்ணோடு அன்றே புகார் கொடுங்கள். அருகிலுள்ள கடைகளின் கேமராப் பதிவையும் அன்றே கேளுங்கள், ஏனெனில் பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகி அழித்துவிடும். சில நாள் கழித்து உங்கள் சைக்கிள் இணையத்தில் விற்பனைக்கு வந்திருப்பதைக் கண்டால், விளம்பரத்தைப் படமெடுத்துப் புகார் எண்ணோடு போலீசாரிடம் கொடுங்கள். வாங்குபவர் போல நடித்துத் தனியே போகவே போகாதீர்கள். இரண்டாயிரம் வெள்ளிச் சைக்கிளுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

பழைய சைக்கிள் வாங்குவோரும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். எண் உரசி அழிக்கப்பட்டிருந்தால், அல்லது எங்கே வாங்கினார் என்ற கேள்விக்கு விற்பவர் மழுப்பினால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றவியல் சட்டத்தின் 411-ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகும். உங்கள் சைக்கிளை நீங்கள் விற்கும்போதும் ஒரு தாளில் தேதி, விலை, ஃபிரேம் எண் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்டு, அசல் ரசீதையும் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் நாளை ஒரு புகார் கொடுக்க நேர்ந்தால், அந்தத் தாளைத்தான் போலீஸ் நிலையத்தில் காட்ட வேண்டியிருக்கும்.