இதயத்தின் கீழ்ச்சுவர் தெளிந்த விதம்: என் அனுபவம்

சேலத்தில் ஒரு ஸ்கேன் மையத்தில் காமா கேமராவை (உடலுக்குள் செலுத்திய கதிரியக்க மருந்து வெளிவிடும் கதிர்களைப் படமாக்கும் கருவி) இயக்குகிறேன். தமனி அடைப்பால் இதயத் தசைக்கு இரத்தம் குறைகிறதா என்பதை அறிய டெக்னீசியம்-99எம் செஸ்டாமிபி என்ற கதிரியக்க மருந்தை ஊசியாகப் போட்டு எடுத்த படங்களில், கீழ்ச்சுவர் மட்டும் அடிக்கடி நம்ப முடியாதபடி இருந்தது. கேமராவைச் சந்தேகித்து, அதன் பரப்பு முழுதும் ஒரே சீராகப் பதிவு செய்கிறதா என்று பார்க்கும் சீர்மைச் சோதனையை மறுபடி செய்தேன், பழுதில்லை.

ஈரல் வழியாகப் பித்தத்தில் கலந்து குடலுக்கு இறங்கும் அந்த மருந்து, இதயத்துக்கு அடியிலேயே ஒளிர்ந்து கீழ்ச்சுவரின் அளவீட்டைக் குலைத்தது. ஆகவே, ஓய்வுநிலை ஊசிக்குப் பின் 30 நிமிடத்திலேயே படமெடுத்த அவசரத்தைக் கைவிட்டு, 60 நிமிடம் காத்திருந்து, நோயாளிக்குத் தண்ணீரும் குடிக்கக் கொடுத்தேன். டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) ஏறத்தாழ 6 மணி நேரம் என்பதால், இந்தத் தாமதத்தால் இழப்பு சிறிதே.

அதன் பின்னும் ஐயம் எழுந்தால், மல்லாந்த நிலைப் படத்தோடு குப்புறப் படுக்கவைத்தும் ஒன்று எடுக்கிறோம். கீழ்ச்சுவரிலிருந்து வரும் கதிர்களை மறைக்கும் உதரவிதானம் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கீழிறங்குவதால், அங்கே இரத்தம் குறைந்ததுபோல் தெரியும் பொய்யான குறை பெரும்பாலும் மறைகிறது. ஆனால் குப்புறப் படம் முன்சுவரில் புதுக் குறையைக் காட்டக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலிருந்து வருபவர்களிடம் இன்னொன்றையும் வற்புறுத்துகிறேன்: இதயத் தமனிகளை விரிக்கும் அடினோசின் மருந்தைச் செலுத்திச் செய்யும் சோதனைக்கு முந்தைய நாள் முதலே காப்பி வேண்டாம். காஃபின் அம்மருந்தின் செயலைத் தடுத்தால், படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அடைப்பு தெரியாமல் போகலாம்.