5ஜிக்கு மாறுமுன்: எங்கே தவறு நடக்கிறது?

ஒப்பந்தம் முடிய இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே தொலைத்தொடர்பு நிறுவனத்தின் குறுஞ்செய்தி வந்து நிற்கும்: புதிய கைத்தொலைபேசி, இன்னும் வேகமான 5ஜி, இன்றே மாறுங்கள். மாறலாம், மாறாமலும் இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், சிங்கப்பூரில் பலர் கட்டாயம் மாற வேண்டியதை விட்டுவிட்டு, மாறத் தேவையில்லாததற்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

கட்டாயத்திலிருந்து தொடங்குவோம். இங்கே 2ஜி சேவை 2017லும் 3ஜி சேவை 2024லும் விடைபெற்றுவிட்டன. "என்னுடையது 4ஜி கைத்தொலைபேசிதானே, எனக்கு என்ன வந்தது?" என்று இருந்துவிடுவதுதான் பெரிய தவறு. தொடக்ககால 4ஜி கைத்தொலைபேசிகளில் பல, இணையத்துக்கு மட்டுமே 4ஜியைப் பயன்படுத்தின. குரல் அழைப்பு வந்ததும் சத்தமில்லாமல் 3ஜிக்கு இறங்கிவிடும். இப்போது இறங்க 3ஜி இல்லை. 4ஜியிலேயே குரல் அழைப்பைக் கொண்டுசெல்லும் 'வோல்ட்இ' (VoLTE) வசதி இல்லாவிட்டால் வாட்ஸ்அப் ஓடும், காணொளி ஓடும், சாதாரண அழைப்பு மட்டும் போகாது. அவசரத்தில் 995ஐ அழுத்தினாலும் அதே கதைதான்.

வீட்டில் தாத்தா பாட்டி பழைய கைத்தொலைபேசி வைத்திருந்தால் இன்றே சோதித்துப் பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு அந்தக் கைத்தொலைபேசியிலிருந்து உங்கள் எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் அதற்கு அழையுங்கள். இரண்டும் நடந்தால் நிம்மதி. நடக்கவில்லை என்றால் அமைப்புகளில் வோல்ட்இ அணைந்து கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே அப்படி ஒரு வசதியே இல்லை என்றால் கைத்தொலைபேசியை மாற்றத்தான் வேண்டும். அதற்காக 5ஜி வாங்க வேண்டியதில்லை. வோல்ட்இ உள்ள மலிவான 4ஜி பொத்தான் கைத்தொலைபேசியே போதும்.

இனி 5ஜி. திரையின் ஓரத்தில் 5ஜி என்று தெரிந்தாலே எல்லாம் வந்துவிட்டதாக நினைக்கிறோம். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று 4ஜியின் மையக் கட்டமைப்பைச் சார்ந்து இயங்குவது. மற்றது சொந்த மையக் கட்டமைப்புடன் தனித்து இயங்குவது. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2020ல் 5ஜி உரிமங்களை ஒதுக்கியபோது, தனித்து இயங்கும் 5ஜியை 2025 இறுதிக்குள் நாடு முழுவதும் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைத்தது. தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல், தன் சேவை 2022லேயே நாட்டின் 95 விழுக்காட்டுப் பரப்பைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. ஆக, வலைப்பின்னல் தயார். பலரிடம் தயாராக இல்லாதது, பல வருடங்களாக ஒரு கைத்தொலைபேசியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கும் பழைய சிம் அட்டை. கைத்தொலைபேசி, அதன் மென்பொருள், சிம், கட்டணத் திட்டம் ஆகிய நான்கும் ஒத்துப்போனால்தான் அந்த இரண்டாம் வகை கிடைக்கும். ஆயிரம் வெள்ளி செலவழிப்பதற்கு முன் சிம்மை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேளுங்கள். கடைக்காரர் தாமாகச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி வாங்கிவருவோர் கவனிக்க: அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14ஆம் வரிசையிலிருந்து சிம் அட்டை செருக இடமே இல்லை, கைத்தொலைபேசிக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். அவற்றில் பலவற்றில் உள்ள மில்லிமீட்டர் அலைவரிசை (மிகக் குறுகிய தொலைவே செல்லும் அதிவேக 5ஜி அலை) வசதியும் உங்கள் தேக்கா நடைக்கு உதவப்போவதில்லை.

வேகம் போதவில்லை என்ற புகார்கள் பல வீட்டுக்குள் எழுபவை. அங்கே நாம் பெரும்பாலும் பயன்படுத்துவது வைஃபை. கைத்தொலைபேசி 5ஜியாக இருந்தால் என்ன, 4ஜியாக இருந்தால் என்ன? எத்தனையோ வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வைஃபை ரவுட்டர் குடியிருப்பது வெடிகுண்டுப் பாதுகாப்பறைக்குள், அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவில். சுற்றிலும் கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், வாசலில் இரும்புக் கதவு. குண்டுக்கே அசையாதபடி கட்டிய அறையிலிருந்து வைஃபை அலை படுக்கையறைவரை எப்படி வரும்? ஒரு நீளமான இணையக் கேபிள் வாங்கி ரவுட்டரை வரவேற்பறைக்குக் கொண்டுவந்து, ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். புதிய கைத்தொலைபேசி வாங்கும் ஆசை தானாகத் தணிந்தாலும் தணியலாம்.

வெளியிலும் 5ஜி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. இங்கு முதலில் பரவலாக வந்த 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவர்களைத் துளைப்பதில் பலவீனமானது. 700 மெகாஹெர்ட்ஸ் அலை கட்டடத்துக்குள்ளும் எளிதாக நுழையும், வேகம் குறைவு. திறந்தவெளியில் எடுத்த வேகச் சோதனையை நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்தில் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

5ஜி டேட்டாவைத் தின்றுவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. தின்பது 5ஜி அல்ல. வேகம் கிடைத்ததும் தானாகத் தரத்தை உயர்த்திக்கொள்ளும் காணொளிச் செயலிகள்தான். தரத்தை நீங்களே குறைத்து வைத்தால் செலவு கட்டுக்குள் இருக்கும். "6ஜி வரட்டும், ஒரேயடியாக மாற்றலாம்" என்று காத்திருப்பவருக்கு: அது 2030ஐ ஒட்டித்தான் வரும் என்பது எதிர்பார்ப்பு. அதுவரை உங்கள் பேட்டரி தாங்காது.

கடைசியாகக் கட்டணத் திட்டம். பெரிய எண்களைப் பார்த்து மயங்காமல், கடந்த மூன்று மாதக் கட்டணச் சீட்டுகளில் உண்மையில் எவ்வளவு டேட்டா பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கைத்தொலைபேசி நன்றாக ஓடுகிறதென்றால் ஒப்பந்தமில்லாத சிம் திட்டமே பெரும்பாலும் லாபம். ஊருக்கு அடிக்கடி போகிறவரா? இந்தியாவில் 2022 அக்டோபரிலேயே 5ஜி வந்துவிட்டது. ஆனாலும் உங்கள் திட்டத்தின் வெளிநாட்டுச் சேவையில் அது அடங்குமா என்பது வேறு கேள்வி. அதையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.