ஸ்பானிய வாளா? அலகை நம்பாதீர்கள், பிடியைப் பாருங்கள்

பழைய வாள் கைக்கு வந்தால் எல்லோரும் அலகில் பெயர் இருக்கிறதா என்றுதான் தேடுகிறார்கள். நான் பிடியிலிருந்து ஆரம்பிப்பேன். கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கிறேன், பழம்பொருள் சேர்ப்பவர்கள் சிலர் "அண்ணா, இது எந்த ஊர்ச் சரக்குங்க?" என்று வாளோடு வருவார்கள். மெக்சிகோவில் வேலை பார்க்கும் அக்கா மகன் அண்மையில் ஒரு வாளின் படங்களை அனுப்பி, "டொலேடோன்னு எழுதியிருக்குது மாமா, ஸ்பெயின்ல செஞ்சதுதானுங்களே?" என்றான்.

பெயரை வைத்து முடிவுகட்ட முடியாது. டொலேடோ வாளுக்குப் பேர்போன ஸ்பெயின் நகரம். அந்தப் புகழைப் பார்த்து ஜெர்மனியின் சோலிங்கன் கொல்லர்கள் அந்தப் பெயரையே பொறித்து விற்றிருக்கிறார்கள். "காரணமின்றி என்னை உருவாதே, மானமின்றி என்னை உறையிலிடாதே" என்ற பொருளில் ஸ்பானிய வாசகம் இருக்கும் அலகுகளும் அப்படித்தான். பல சோலிங்கனில் செய்து ஸ்பெயினுக்கும் அதன் காலனிகளுக்கும் போனவை. ஓடும் ஓநாய் போலக் கீறல் குறி தெரிந்தால் ஜெர்மனிப் பக்கம் சந்தேகப்படுங்கள். மன்னர் மூன்றாம் கார்லோஸ் டொலேடோவில் அரசு ஆயுதத் தொழிற்சாலையை நிறுவியது 1761இல். அதற்கு முந்தைய ஆண்டோடு அந்தத் தொழிற்சாலையின் பெயரும் சேர்ந்திருந்தால், யாரோ பிற்பாடு பொறித்தது.

அலகு கப்பலேறி எங்கும் போகும். பிடியை அந்தந்த ஊர்க் கொல்லன் கையில் கிடைத்ததை வைத்துப் போடுவான். இரண்டு பக்கமும் சிப்பி வடிவத் தகடு, நேரான இருபக்கக் கூர் அலகு, ஒரே அளவான வேலை என்றால், 1728ஆம் ஆண்டு மாடல் ஸ்பானியக் குதிரைப்படை வாளாக இருக்கலாம். அதுவே கொம்பு அல்லது மரப்பிடி, ரிவிட் அடித்த கரடுமுரடான இரும்புக் காப்பு, நம் அரிவாள் போலக் குட்டையாக அகன்ற அலகு என்றால், 'எஸ்பாதா அஞ்சா'வாக இருக்க வாய்ப்பு அதிகம். வட மெக்சிகோவின் எல்லைப்புறக் குதிரைவீரர்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வைத்திருந்தது. சண்டைக்கும் ஆகும், முட்புதர் வெட்டவும் ஆகும்.

அப்புறம் அலகின் பள்ளத்தைக் கவனியுங்கள். நடுவில் ஓடும் பள்ளம் நுனிக்கு முன்பே அடங்காமல் நுனிவரை ஓடி வெட்டுப்பட்டு நின்றால், நீள வாள் ஒன்றை யாரோ குறுக்கியிருக்கிறார்கள். மெக்சிகோ எல்லையில் இப்படி மறுபடி பயன்பட்ட அலகுகள் நிறைய. என் மருமகன் படத்திலும் இதேதான்: ஐரோப்பிய அலகு, மெக்சிகோ பிடி. அலகில் நீரோட்டம் போல வரி தெரிந்தால் டொலேடோவை மறந்துவிட்டு இந்திய, பாரசீக உருக்கை நினையுங்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பழங்கால உருக்கு உலை கண்டெடுத்த கொங்குநாட்டுக்காரன், இதை விடமாட்டேன்.

போலிக்கு வருவோம். புது ஸ்டெயின்லெஸ் ஒட்டாது என்று நினைத்துக் காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், வீண் வேலை. கத்தி செய்யும் ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டும். பிடியின் முனையில் மரையும் நட்டும் இருந்தால் பெரும்பாலும் சுற்றுலாச் சரக்கு. பழைய வாளில் பிடிக்குள் போகும் அலகின் வால் முனையைச் சுத்தியால் தட்டி விரித்திருப்பார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அந்தத் தட்டல் தெரியும்.

எதற்கும் முன்னால் பஃபிங் வீலில் காட்டிவிடாதீர்கள், எமரி ஷீட்டும் வேண்டாம், புளியும் வேண்டாம். பொறிப்பெல்லாம் போய்விடும். மென்துணியில் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

அவனிடம் வாங்கச் சொன்னேன், ஸ்பெயின் விலைக்கு இல்லை. அங்கிருந்து வெளியே கொண்டுவர அனுமதி வேண்டுமா என்று கேட்டுவிட்டு.