குடல் நுண்ணுயிரிகளும் பெருங்குடல் புற்றுநோயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலத்திலுள்ள நுண்ணுயிரிகளைக் கொண்டே பெருங்குடல் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற செய்தி மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களிலும் புலனத்தில் (வாட்ஸ்அப்) பரவி வருகிறது. செய்தியில் உண்மை உண்டு. வாயில் வாழும் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்னும் நுண்ணுயிரி பெருங்குடல் கட்டிகளில் மிகுந்திருப்பதை 2012இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் வெளியிட்டன; பல நாட்டு மல மாதிரிகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தின. ஆயினும் அது ஓர் அறிகுறியே. நலமாக இருப்பவர் வாயிலும் அக்கிருமி உண்டு என்பதால், அதைக் கண்டதும் புற்றுநோய் என்று அஞ்சுவதும், காணாததால் நோயில்லை என்று இருந்துவிடுவதும் ஒருசேரத் தவறாகும்.

நுண்ணுயிரிச் சோதனைக்கு, உண்ணும் மருந்துகளைச் சொல்லாமல் மல மாதிரி கொடுப்பது அடுத்த தவறு. நுண்ணுயிர்க்கொல்லி மட்டுமன்றி, நம்மில் பலர் இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவுக்காக அன்றாடம் உட்கொள்ளும் மெட்ஃபார்மினும், வயிற்று எரிச்சலுக்கான ஒமெப்ரசோலும் குடல் நுண்ணுயிரிகளின் விகிதத்தையே மாற்றிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, மலத்தில் இரத்தம் கண்டும் “உடம்புச் சூடு, மூலம்தான்” என்று மோர் குடித்து நாள் கடத்துவது. மலேசிய ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் பெருங்குடல் புற்றுநோயே என்பதையும், பலருக்கு அது முற்றிய நிலையிலேயே தெரியவருகிறது என்பதையும் மறக்கலாகாது. இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, மலங்கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம் ஆகியவை உள்ளவர்கள் எந்த வீட்டுச் சோதனைக்கும் காத்திராமல் நேரே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அறிகுறியற்ற 50 முதல் 75 வயதினருக்கு அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளில் மறைகுருதி மலச் சோதனை, அதாவது மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் உண்டா என்று பார்க்கும் சோதனை, இப்போதே உண்டு; நுண்ணுயிரிச் சோதனை வரட்டும் என்று அதைத் தள்ளிப்போடுவது வீண். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்திருந்தால் 50 வயதுவரை காத்திராமல் மருத்துவரிடம் கேட்பது நல்லது. மாதிரி எடுக்கும்போது, மலம் கழிவறை நீரில் படுமுன் ஒரு தாளில் ஏந்தி, சோதனைக்கெனத் தரும் குச்சியின் நுனியால் அதன் மேற்பரப்பில் பல இடங்களில் சுரண்டிக் குப்பிக்குள் செருகி மூட வேண்டும். மாதவிலக்கு நாள்களில் எடுக்கலாகாது.

இரத்தம் இருப்பதாக முடிவு வந்தபின், அது இல்லையென்று வரும்வரை வேறோர் இடத்தில் மறுபடி சோதித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டி எப்போதும் கசிந்துகொண்டிருப்பதில்லை. இரண்டாம் சோதனை முதலாவதைப் பொய்யாக்கிவிடாது. அப்போது செய்ய வேண்டியது, கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் குடல் அகநோக்கிப் பரிசோதனையே (கொலோனோஸ்கோப்பி). புற்றாக மாறக்கூடிய சிறு சதைவளர்ச்சி தென்பட்டால், பெரும்பாலும் அப்பரிசோதனையின்போதே அதை வெட்டி எடுத்துவிடுவார்கள்.