குழாயில் நழுவாத விளக்கு கிளிப்

என் கைவிளக்கின் ஸ்பிரிங் கிளிப் பலகை விளிம்பை இறுகப் பற்றினாலும், அரை அங்குலத் தண்ணீர்க் குழாயில் மாட்டியதும் விளக்கின் பாரத்தால் சுழன்று தலைகீழாகத் தொங்கிவிடும். ஸ்பிரிங்கில் குறையில்லை, தட்டையான வாய்கள் உருண்டைக் குழாயை இரண்டு கோடுகளில் மட்டுமே தொட்டதுதான் காரணம். ஆகவே, ஆப்பு வடிவில் பள்ளம் அறுத்த சிறு மரத்துண்டு ஒன்றை ஒவ்வொரு வாயின் உட்புறமும் திருகாணியால் பொருத்தியபின், குழாய் நான்கு கோடுகளில் பிடிபட்டது. பள்ளத்துக்குள் பழைய சைக்கிள் ட்யூப் ரப்பரை (பஞ்சர் கடையில் சும்மாவே தருவார்கள்) உப்புத்தாளால் தேய்த்து, மரத்திலும் ரப்பரிலும் பூசிய சொல்யூஷன் (பஞ்சர் ஒட்டும் பசை) விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்தபின் அழுத்தி ஒட்டினேன். குண்டு பல்பின் சூடு ரப்பரை இளக்கிவிடும் என்பதால், இப்போது 9 வாட் எல்இடி பல்பையே போடுகிறேன்.