சிறு கட்டட ஒப்பந்ததாரருக்கான காப்பீடு: அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன் செய்ய வேண்டியவை

முதலில் சைட்டை ஒருமுறை சுற்றி வந்து, எதெல்லாம் சேதமாகலாம், யாருக்கெல்லாம் அடிபடலாம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்து வீட்டு மதில், மேலே செல்லும் மின்கம்பி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கும் பள்ளம் என எல்லாம் அதில் வரட்டும். சாரத்தைச் சரியாகக் கட்டுவதாலும் பள்ளத்துக்கு முட்டுக் கொடுப்பதாலும் தவிர்க்கக்கூடியவற்றை வேலையிலேயே தவிர்த்துவிட வேண்டும், எஞ்சியவற்றுக்குத்தான் காப்பீடு.

அடுத்து, முதல் லோடு இறங்குவதற்கு முன்பே கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கு நேரும் சேதத்தை ஈடுசெய்யும் ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ பாலிசியை எடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது காப்பீட்டுத் தொகையில்தான். சிமெண்டும் கம்பியும் வீட்டுக்காரர் வாங்கித் தருகிறார் என்பதற்காக, 80 லட்ச ரூபாய் வேலைக்குத் தம் பங்கான 40 லட்சத்தை மட்டும் காட்டுகிறார்கள். பிறகு தளம் சரிந்து 6 லட்சம் சேதமானால், பாதி மதிப்புக்கே காப்பீடு செய்ததால் 3 லட்சம்தான் கணக்கில் வரும். அதிலும் நாம் ஏற்க வேண்டிய தொகை கழியும். ஆகவே, பொருளை யார் வாங்கினாலும் கட்டடத்தின் முழு மதிப்பையும் காட்டுங்கள்.

பெயரில் ‘ஆல் ரிஸ்க்’ என்று இருந்தாலும் எல்லாம் அதில் அடங்காது. வடிவமைப்புப் பிழையைச் சரிசெய்யும் செலவும், தாமதத்துக்கான அபராதமும் வழக்கமாகச் சேராது. பிறருக்கு நேரும் சேதத்துக்கான பிரிவு இருந்தாலும், தோண்டும்போது பிடிமானம் இழந்து பக்கத்து மதில் விழுந்தால் அதற்கெனத் தனி இணைப்பு வாங்கியிருக்க வேண்டும். நெருக்கமான தெருக்களில் இதை விட்டுவிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தொழிலாளர்களுக்குத் தனிப் பாலிசி தேவை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து இறந்த 61 பேரில் பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்களே. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த கணக்குப்படி, வேலையில் விபத்தில் இறந்தவரின் மாத ஊதியத்தில் பாதியை, வயதுவாரியாக அட்டவணையில் தந்துள்ள ‘காரணி’ என்ற எண்ணால் பெருக்க வேண்டும். கணக்கில் கொள்ளும் ஊதியத்தின் உச்சவரம்பு 2020-இல் 15,000 ரூபாயானது. 30 வயதுக்குரிய காரணி 207.98. அந்த வயதில் ஒரு கொத்தனார் இறந்தால், 7,500-ஐ 207.98-ஆல் பெருக்கிவரும் 15,59,850 ரூபாயை அவர் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். சென்ட்ரிங் ஆட்கள், சித்தாள்கள், துணை ஒப்பந்தத்தில் வருபவர்கள் என ஒருவரையும் விடாமல், இந்தப் பாலிசிக்குக் காட்டும் ஊதியக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியப் பதிவு நல்லதே. ஆனால் அது இந்தப் பாலிசிக்கு ஈடாகாது.

விபத்து நேர்ந்தால், அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்த கையோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஆபத்தை விலக்குவதற்குத் தேவையானதைத் தவிர, காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்கும்வரை இடிபாடுகளை அகற்றாமல் படம் எடுத்து வையுங்கள். வேலை இடையில் நின்றாலோ இழுத்துக்கொண்டு போனாலோ அதையும் உடனே தெரிவித்து, பாலிசி முடியும் தேதிக்கு முன்பே நீட்டிப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.