மேப்பில் பயணத் திட்டம்: தவறு எங்கே நடக்கிறது?

2009-ல் ஒரு ஸ்வீடன் தம்பதி வெனிஸிலிருந்து காப்ரி தீவுக்குக் காரில் கிளம்பினார்கள். வழிகாட்டிக் கருவியில் ஊர்ப் பெயரைத் தட்டும்போது இரண்டு எழுத்துகள் இடம் மாறிவிட்டன. கருவி அவர்களைக் கார்ப்பிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அது வட இத்தாலியில் இருக்கும் ஒரு தொழில் நகரம். காப்ரியிலிருந்து சுமார் 650 கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே ஓர் அலுவலகத்தில் போய், காப்ரியின் புகழ்பெற்ற நீலக் குகைக்கு எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறார்கள். போக வேண்டியது தீவுக்கு, வழியில் ஒரு படகுகூட ஏறவில்லையே என்பது கடைசிவரை இருவருக்கும் உறைக்கவில்லை.

கருவியைக் குறை சொல்ல முடியாது. கேட்டதற்குச் சரியாகத்தான் வழி காட்டியது. மேப்பை வைத்துத் திட்டம் போடும்போது நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். நாம் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு கேட்கிறோம். அது கேள்வியில் இருந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறது. பதில் அழகான நீலக் கோடாக வருவதால் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. அந்தக் கோட்டை நாலு பேருக்கு அனுப்பிவிட்டால், அந்த நாலு பேரும் அதையே நம்பிக் கிளம்புகிறார்கள்.

பெயரை நம்பிப் போவது

ஐஸ்லாந்தில் 2016 பிப்ரவரியில் நடந்தது இன்னும் சுவாரசியம். ஓர் அமெரிக்கப் பயணி விமான நிலையத்தில் இறங்கி, தலைநகர் ரெய்க்யவிக்கில் இருக்கும் விடுதிக்கு வழி போட்டார். முக்கால் மணி நேரத்துப் பயணம். ஆனால் முன்பதிவு விவரத்தில் இருந்த தெருப் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதல் எழுத்தோடு நிஜமாகவே ஒரு தெரு நாட்டின் வடகோடியில் இருக்கிறது. பல மணி நேரம் பனியில் ஓட்டிக்கொண்டு அவர் அங்கே போய் நின்றார்.

இரண்டு கதைகளிலும் ஒரே ஒரு சோதனை போதுமாக இருந்திருக்கும். 'ஸ்டார்ட்' அழுத்துவதற்கு முன்னால் மேப்பைச் சுருக்கி முழு வழியையும் ஒரு தடவை பார்ப்பது. கோடு எந்தத் திசையில் போகிறது, எத்தனை கி.மீ. காட்டுகிறது, கடலைத் தாண்டுகிறதா என்பதெல்லாம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஓட்டத் தொடங்கிய பிறகு திரையில் தெரிவது அடுத்த திருப்பம் மட்டும்தான்.

ஒரே பெயரில் ஊர்கள் நிறைய உண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ஒரு சிட்னி இருக்கிறது; ஆஸ்திரேலியா போவதாக நினைத்து அந்தச் சிட்னிக்கு விமானத்தில் போய் இறங்கியவர்களும் இருக்கிறார்கள். அதனால் பெயரைத் தட்டித் தேடுவதைவிட, விடுதியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் மேப் லிங்கைத் திறப்பது நல்லது. வேற்று எழுத்தில் எழுதும் நாடு என்றால், அந்த மொழியில் இருக்கும் பெயரையே நகலெடுத்துத் தேடுங்கள். ஒலிபெயர்ப்பை நம்பினால் ஓர் ஊருக்கு நாலு எழுத்துக்கூட்டல் கிடைக்கும்.

பின் குத்தின இடத்தைப் பார்க்காமல் அனுப்புவது

ஒரு பெரிய தேசியப் பூங்காவையோ பல்கலைக்கழக வளாகத்தையோ தேடிப் பாருங்கள். இடத்தைக் காட்டும் அந்தக் குறி, அதாவது பின், அநேகமாக அதன் நடுவில் எங்கோ விழுந்திருக்கும், மரங்களுக்கு மத்தியில். மேப்புக்கு அது 'இடம்'. உங்களுக்கு வேண்டியதோ வாசல், அதுவும் டிக்கெட் கொடுக்கிற வாசல், அதன் பக்கத்தில் வண்டி நிறுத்தும் இடம். நடு மையத்தை இலக்காக வைத்து வழி கேட்டால், அதற்கு மிக அருகில் இருக்கும் சாலைக்கு அது கொண்டுபோய் விடும். அந்தச் சாலைக்கும் பூங்காவுக்கும் இடையே வேலி இருக்கலாம். விமான நிலையங்களில் இதே கதை முனையங்களோடு நடக்கும்.

இதைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். செயற்கைக்கோள் காட்சிக்கு மாறி, வாசல் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்குங்கள். கார்கள் வரிசையாக நிற்கிற கட்டாந்தரை தெரிகிறதா? அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் புதிய பின் விழும். அதைச் சேமித்து, 'கிழக்கு வாசல், பார்க்கிங்' என்று பெயர் போட்டு, அந்தப் பின்னை அனுப்புங்கள். வெறும் எண்களோடு வருகிற பெயரில்லாத பின்னைப் பெற்றவர், அடுத்த நாள் காலையில் அது விடுதியா, படகுத் துறையா என்று உங்களுக்குத்தான் போன் போட்டுக் கேட்பார்.

எண்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. கூகுள் மேப்ஸில் முதலில் அட்சரேகை, அப்புறம் தீர்க்கரேகை. ஆனால் வழித்தடங்களைக் கோப்பாக ஏற்றுமதி செய்யப் பயன்படும் கேஎம்எல், ஜியோஜேசன் வடிவங்களில் வரிசை தலைகீழ்: தீர்க்கரேகை முதலில் வரும். ஈஃபில் கோபுரம் 48.8584, 2.2945. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் சோமாலியாவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் போய் விழும். இவ்வளவு பெரிய தவறு என்றால் பார்த்ததுமே தெரிந்துவிடும், அது பரவாயில்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்களை வெட்டிவிடுவதுதான் வம்பு. ஐந்து இலக்கங்கள் இருந்தால் ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம். 'சுருக்கமா இருக்கட்டும்' என்று இரண்டு இலக்கங்களோடு நிறுத்தினால் ஒரு கி.மீ. வரை தள்ளிப்போகும். ஊர் சரியாக இருப்பதால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

இப்போதைய நேரத்தை வைத்து எப்போதோ போகும் பயணத்தைக் கணக்கிடுவது

இதுதான் எல்லோரும் செய்வது, அதிகம் அடிபடுவதும் இதனால்தான். ராத்திரி பதினொரு மணிக்குச் சாவகாசமாக உட்கார்ந்து வழி பார்க்கிறோம். 'ஒன்றரை மணி நேரம்' என்று வருகிறது. அது அந்த ராத்திரியின் காலிச் சாலைக்கான பதில். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அதே சாலை வேறு சாலை. கிளம்பும் நேரத்தையும் தேதியையும் மாற்றிப் பார்க்கும் வசதி மேப்பிலேயே இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை.

வரும் நேரக் கணக்கில் சக்கரம் உருளும் நேரம்தான் இருக்கிறது. பெட்ரோல் போடுவது, குழந்தைக்காக நிறுத்துவது, பார்க்கிங் தேடிச் சுற்றுவது, படகுக்கு வரிசையில் நிற்பது எதுவும் இல்லை. ஒரு நாளில் ஆறு இடம் என்று போட்டு, மேப் காட்டிய நேரங்களைக் கூட்டி 'தாராளமா முடியும்' என்று முடிவு கட்டுகிறவர்கள் நாலாவது இடத்திலேயே மூச்சு வாங்குவார்கள். ஆறில் இரண்டைத் திட்டம் போடும்போதே எடுத்துவிடுவது என் பழக்கம்.

நிறுத்தங்களின் வரிசையையும் மேப் சரிசெய்து தராது. கூகுள் மேப்ஸில் ஒரு வழியில் தொடக்க இடம் போக ஒன்பது நிறுத்தங்கள் வரை சேர்க்கலாம். ஆனால் நீங்கள் போட்ட வரிசையிலேயே கோடு இழுக்கும். வடக்கே போய், தெற்கே வந்து, மறுபடி வடக்கே போகச் சொன்னாலும் மறுபேச்சு பேசாமல் போட்டுத் தரும். கோடு ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே போனால், வரிசையைக் கையால் இழுத்து மாற்ற வேண்டும் என்று அர்த்தம். பல நிறுத்த வசதி பொதுப் போக்குவரத்துக்கு வேலை செய்யாது. பேருந்து, ரயில் என்றால் ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். ரயில், பேருந்து நேரங்கள் அந்தந்த நிறுவனங்கள் வெளியிடும் அட்டவணையிலிருந்து வருபவை. ஆறு மாதம் கழித்துப் போகும் பயணத்துக்கு அந்த அட்டவணையே இன்னும் வந்திருக்காது.

அப்புறம் பருவம். கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி தேசியப் பூங்கா வழியாகப் போகும் டையோகா கணவாய் பொதுவாக நவம்பர் வாக்கில் பனிக்காக மூடப்பட்டு, மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். ஆகஸ்டில் உட்கார்ந்து டிசம்பர் பயணத்துக்கு வழி பார்த்தால், கோடு ஜம்மென்று கணவாய் வழியாகவே போகும். மலைச் சாலைகளுக்கு மேப் போதாது, அந்தச் சாலையைப் பராமரிக்கும் துறையின் அறிவிப்பையும் பார்க்க வேண்டும். எல்லை தாண்டும்போது கடிகாரம் மாறுவதையும் கவனியுங்கள். ஸ்பெயினிலிருந்து போர்ச்சுகலுக்குள் நுழைந்தால் ஒரு மணி நேரம் பின்னால் போகும். திரும்பும்போதுதான் அது வலிக்கும்.

குறுக்குவழிக்கு மயங்குவது

2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காவல்துறை ஓர் எச்சரிக்கை விடுத்தது. மில்டுரா நகரத்துக்குப் போகிறவர்களை ஆப்பிள் மேப்ஸ் சுமார் 70 கி.மீ. தள்ளி இருக்கும் ஒரு தேசியப் பூங்காவின் நடுவில் கொண்டுபோய் விடுகிறது, அங்கே தண்ணீர் கிடையாது, வெயில் 46 டிகிரி வரை போகும் என்றது. நிஜமாகவே அங்கே மாட்டிக்கொண்டவர்களை மீட்க வேண்டியிருந்தது. 2019 ஜூனில் டென்வர் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு விபத்து. கூகுள் மேப்ஸ் மாற்றுவழி காட்டியது. மாற்றுவழி மண் சாலை, அதுவும் மழையில் ஊறியது. நூறு கார்கள் அளவுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சேற்றில் இறங்கி நின்றன.

முன்னால் பத்து கார் போகிறது என்பது சாலை நல்லது என்பதற்குச் சாட்சி ஆகாது. அவர்கள் கையிலும் அதே ஆப்தான் இருக்கும். பெரிய சாலையை விட்டு இறங்கச் சொல்லி, அதனால் மிச்சமாவது ஐந்து நிமிடம்தான் என்றால், இறங்காதீர்கள். தெரியாத ஊரில், இருட்டில், வாடகை வண்டியில் அந்த ஐந்து நிமிடம் யாருக்கு வேண்டும்?

சிக்னல் இருக்கும் என்று நினைப்பது

பகுதியை டவுன்லோட் செய்துவிட்டால் போதும் என்று நினைப்போம். கூகுள் மேப்ஸின் ஆஃப்லைன் மேப்பில் கார் வழி கிடைக்கும்; நடை, சைக்கிள், பொதுப் போக்குவரத்து வழிகள் கிடைக்காது. நெரிசல் தகவலும் மாற்றுவழியும் இருக்காது. டவுன்லோட் செய்ததற்குக் காலாவதித் தேதியும் உண்டு, அதற்குள் புதுப்பிக்க வேண்டும். மலையேற்றமோ பழைய நகரத்தில் நடையோ திட்டம் என்றால், ஆஃப்லைனில் நடைவழி காட்டும் வேறொரு ஆப் தேவை. கிளம்புவதற்கு முந்தின நாள் போனை ஃபிளைட் மோடில் போட்டு, ஒரு வழியைக் கேட்டுப் பாருங்கள். வந்தால் சரி.

எல்லா நாட்டிலும் ஒரே ஆப் உதவாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்கொரியாவில் மேப் தரவை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்ததால், பல ஆண்டுகளாகக் கூகுள் மேப்ஸில் அங்கே கார் வழியும் நடைவழியும் கிடைத்ததில்லை. அங்கே போகிறவர்கள் நேவர், காகாவோ என்ற உள்ளூர் மேப்களை வைத்துக்கொள்வது வழக்கம். சீனாவின் பெருநிலப்பகுதியில் மேப்புகளுக்குத் தனி ஆயமுறை, அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறையே வேறு. அதனால் வெளிநாட்டு மேப்பில் சாலை ஓரிடத்திலும் செயற்கைக்கோள் படத்தில் அதே சாலை சில நூறு மீட்டர் தள்ளியும் தெரியும்.

அனுப்பினால் போதும் என்று விட்டுவிடுவது

உங்கள் திரையில் இருப்பதுதான் அவர்கள் திரையிலும் தெரியும் என்பது ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். தொடக்கத்தில் 'உங்கள் இருப்பிடம்' என்று விட்டுவிட்டு வழியைப் பகிர்ந்தால், திறப்பவருக்கு அது அவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கலாம். இல்லையென்றால் உங்கள் வீட்டு வாசலையே காட்டிக் கொடுக்கலாம். இரண்டும் வேண்டாத வேலை. தொடக்க இடத்தைப் பெயர் சொல்லிப் போடுங்கள். அனுப்பிய லிங்கை, உங்கள் கணக்கில் நுழையாத வேறொரு உலாவியில் ஒரு தடவை திறந்து பாருங்கள். 'அனுமதி இல்லை' என்று வந்தால் அது உங்களுக்கு இப்போதே தெரிவது நல்லது, நடு ராத்திரி பேருந்து நிலையத்தில் நிற்கும் நண்பருக்குத் தெரிவதைவிட.

இன்னொன்று, மேப் என்பது பயணத் திட்டம் ஆகாது. எங்கே என்பதை அது சொல்லும். எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் பெயரில் முன்பதிவு என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. நாற்பது பின் கொண்ட பட்டியலை மட்டும் குழுவில் போட்டால், ஆளுக்கொரு வரிசையில் புரிந்துகொள்வார்கள். நாள்வாரியாக எழுதிய ஒரு சின்னக் குறிப்பும், ஒவ்வொரு வரிக்கும் நேராக அந்த இடத்தின் லிங்கும் இருந்தால் பாதிக் கேள்விகள் வராது. கூகுளின் மை மேப்ஸில் நாளுக்கு ஓர் அடுக்கு என்று பிரித்து, நிறம் மாற்றி வைக்கலாம்; பத்து அடுக்குகள் வரைதான், ஆகவே இரண்டு வாரப் பயணத்துக்கு இரண்டு மேப் வேண்டும். திருத்தும் உரிமையை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். யாரோ ஒருவர் விரல் பட்டு விடுதிப் பின் நகர்ந்தால், நகர்ந்தது யாருக்கும் தெரியாது.

பார்க்கும் உரிமையிலும் கவனம் வேண்டும். 2008-ல் ஜப்பானில் ஆசிரியர்கள் மாணவர்களின் வீடுகளுக்குச் செல்வதற்காக இணைய மேப்பில் அவற்றைக் குறித்து வைத்தார்கள். 'எல்லோருக்கும்' என்ற அமைப்பு மாற்றப்படாமல் இருந்ததால், அந்த விவரங்களை யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. 2017-ல் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சி ஆப் வெளியிட்ட ஓட்டத் தடங்களின் வெப்ப மேப்பில் (அதிகம் ஓடிய இடங்கள் ஒளிரும் மேப்) ராணுவ முகாம்களின் உட்புறம்கூட வெளிச்சமாகத் தெரிந்தது. நாம் ராணுவம் இல்லை, சரி. ஆனால் எந்தத் தேதிகளில் வீடு பூட்டியிருக்கும் என்பதை ஒரு பொது லிங்க் யாருக்கும் சொல்லிவிடும். திட்டத்தை 'லிங்க் உள்ளவர்களுக்கு மட்டும்' என்று வைத்தாலும், அந்த லிங்க் எத்தனை குழுக்களுக்குப் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. வீட்டு முகவரி, முன்பதிவு எண், பாஸ்போர்ட் விவரம் எதையும் பின்னின் குறிப்பில் எழுதாதீர்கள். நேரலை லொகேஷனைப் பகிரும்போது முடிவு நேரம் வைத்துப் பகிருங்கள். ஊர் திரும்பியதும் பகிர்வுப் பட்டியலைத் திறந்து, யார் யாருக்கு இன்னும் தெரிந்துகொண்டிருக்கிறது என்று பார்த்து அணைத்துவிடுங்கள்.